பேசாதவரைப் பாருங்கள்: நடிப்பை ரசிக்கத் தொடங்குபவர்களுக்கு

படம் முடிந்து வெளியே வரும்போது "என்னமா நடித்திருக்கிறார்!" என்று சொல்லிவிடுகிறோம். சரி, அப்படி என்னதான் செய்தார் என்று யாராவது கேட்டால் பதில் வருவதில்லை. "அழுதார், நமக்கும் அழுகை வந்துவிட்டது" என்பதோடு பேச்சு நின்றுவிடும். எனக்கும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது.

ஒரு நாள் நண்பர் ஒருவர் ஒரு பழைய படத்திலிருந்து மூன்று நிமிடக் காட்சியைப் போட்டுக் காட்டினார். கணவன் ஏன் தாமதமாக வந்தான் என்று நீளமாகக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறான். மனைவி துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். "பேசுகிறவனைப் பார்க்காதே, அவள் கையை மட்டும் பார்" என்றார் நண்பர். பார்த்தேன். அவன் ஒரு பெயரைச் சொல்லும் இடத்தில் அவள் கை நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். அப்புறம் மறுபடி மடிக்க ஆரம்பித்தாள், ஆனால் முன்பைவிட வேகமாக, ஓரம் ஓரமாகச் சேர்த்து, கொஞ்சம் அதிகமான ஒழுங்கோடு. அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்றிலிருந்து நான் நடிப்பின் ரசிகன். ஒரு நடிகரின் ரசிகனாக இருப்பதற்கும் நடிப்பின் ரசிகனாக இருப்பதற்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கிறது. அதைத் தாண்ட எனக்கு உதவியதை எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். இதே வரிசையில்தான் போக வேண்டும் என்றில்லை. ஆனால் முதல் இரண்டைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. ஒரே ஒரு காட்சி, மூன்று முறை

பெரிய நடிகர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவருடைய நாற்பது படங்களையும் வரிசையாகப் பார்க்கத் தொடங்குவதுதான் புதியவர்கள் பலர் செய்வது. பாதியில் சலித்துப்போகும். ஏற்கெனவே நீங்கள் பார்த்த, கதை நன்றாகத் தெரிந்த ஒரு படத்தை எடுங்கள். அதில் இரண்டே பேர் இருக்கிற, மூன்று முதல் ஐந்து நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்ற பதைப்பு இருக்காது என்பதால் கண் சும்மா இருக்கும். அதுதான் நமக்கு வேண்டும்.

முதல் முறை சாதாரணமாகப் பாருங்கள். இரண்டாவது முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். யார் முதலில் நகர்கிறார்கள், யார் யாருடைய கண்ணைத் தவிர்க்கிறார்கள், தோள் எப்போது இறங்குகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேளுங்கள். வசனத்தில் எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லுக்கு முன்னால் தயங்குகிறார், உரக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் குரலை ஏன் இறக்கினார் என்று பாருங்கள். நல்ல நடிகர்கள் பலர் கோபத்தின் உச்சியில் குரலைத் தாழ்த்துவார்கள். அதைக் கேட்டுப் பழகிவிட்டால் பிறகு கத்தல் மட்டும் உங்களை அசைக்காது.

இவ்வளவும் கால் மணி நேர வேலை. வாரம் ஒரு காட்சி போதும்.

2. கேட்பவரைக் கவனியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். வசனம் பேசுவது நடிப்பில் பாதிதான். எதிரே இருப்பவர் சொல்வதை அப்போதுதான் முதல் முறையாகக் கேட்பது போலக் கேட்பது மறுபாதி. அந்த நடிகர் அதே வசனத்தை ஒத்திகையில் ஐம்பது முறை கேட்டிருப்பார். மேடையில் என்றால் முந்தைய நாள் இரவும் கேட்டிருப்பார். ஆனாலும் இன்று அது புதிதாக விழ வேண்டும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பதில் சொல்லப்போகிறவர் எப்போது மூச்சை இழுக்கிறார் என்று பாருங்கள். நிஜ வாழ்க்கையில், எதிராளி பேசி முடிப்பதற்கு முன்பே, அவர் சொன்ன ஏதோ ஒரு சொல் நம்மைத் தொட்ட கணத்திலேயே பதில் உள்ளே கிளம்பிவிடுகிறது. வாய் திறக்கக் காத்திருக்கிறோம், அவ்வளவுதான். தேர்ந்த நடிகரிடம் அந்தக் கணத்தைக் கண்ணால் பார்க்கலாம். தேராதவர் தன் முறை வரும்வரை முகத்தை அப்படியே வைத்திருந்து, எதிராளியின் கடைசிச் சொல் முடிந்ததும் உயிர் பெறுவார். ஒரு முறை இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், அப்புறம் பார்க்காமல் இருக்க முடியாது.

3. கையில் என்ன இருக்கிறது?

மூன்றாவதாகப் பொருட்கள். கோப்பை, சாவி, கண்ணாடி, சட்டைப் பொத்தான் என்று எதுவாகவும் இருக்கலாம். பாத்திரம் வாயால் மறைப்பதைக் கை சொல்லிவிடும்.

இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 1954இல் வந்த 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்'. நானும் அதையே காட்டுகிறேன், ஏனென்றால் அதைவிடத் தெளிவான ஒன்று எனக்குத் தெரியவில்லை. மார்லன் பிராண்டோவும் ஈவா மேரி செயின்ட்டும் பூங்கா ஒன்றில் நடந்து வருகிறார்கள். அவன் முன்னாள் குத்துச்சண்டைக்காரன், துறைமுகத் தொழிலாளி. அவள் அண்ணனின் சாவில் அவனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அது அவளுக்குத் தெரியாது. அவளுடைய வெள்ளைக் கையுறை ஒன்று கீழே விழுகிறது. அவன் எடுக்கிறான். ஆனால் கொடுப்பதில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு அதிலிருக்கும் தூசியைத் தட்டுகிறான், விரல்களை நீவிவிடுகிறான், பேசிக்கொண்டே தன் முரட்டுக் கையை அதற்குள் நுழைக்கிறான்.

கையுறை தற்செயலாகத்தான் விழுந்தது என்பார்கள். அது எப்படி இருந்தாலும் சரி, அது விழுந்த பிறகு பிராண்டோ செய்ததைப் பாருங்கள். கையுறை அவனிடம் இருக்கும்வரை அவள் போக முடியாது. அவளைத் தொட அவனுக்குத் துணிச்சல் இல்லை, ஆனால் அவள் கை இருந்த இடத்தில் இப்போது அவன் கை இருக்கிறது. இதில் ஒன்றைக்கூட வசனம் சொல்லவில்லை. செயின்ட்டையும் பாருங்கள். அவள் கண் அந்தக் கையுறையை விட்டு விலகுவதும் திரும்புவதுமாக இருக்கிறது. கேட்டு வாங்கிவிடலாமா, வேண்டாமா என்ற தயக்கம் அவள் உடம்பு முழுக்க ஓடுகிறது. அந்தப் படத்துக்காக இருவருக்குமே ஆஸ்கர் கிடைத்தது.

4. பெயரடைகளை விட்டு வினைச்சொற்களுக்கு வாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் "அற்புதம்", "அபாரம்", "வாழ்ந்திருக்கிறார்" ஆகிய மூன்று சொற்களுக்கும் தடை போடுங்கள். அதற்குப் பதில், பாத்திரம் எதிராளியிடம் என்ன செய்யப் பார்க்கிறது என்று ஒரு வினைச்சொல்லில் எழுதுங்கள். கெஞ்சுகிறான், சீண்டுகிறாள், ஆழம் பார்க்கிறார், தப்பிக்கப் பார்க்கிறார், மன்னிப்பை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறாள், இப்படி.

இந்தப் பழக்கத்தின் வேர் ரஷ்யாவில் இருக்கிறது. 1898இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தன் நடிகர்களிடம், இந்தக் காட்சியில் உன் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியை விடாமல் கேட்டார். சோகமாக இரு என்று ஒரு நடிகரிடம் சொன்னால் அவர் சோக முகத்தை மாட்டிக்கொள்வார். அவளைப் போகவிடாமல் தடு என்று சொன்னால் ஏதாவது செய்வார். பார்க்கிற நமக்கும் இதே கேள்வி உதவுகிறது.

உணர்ச்சியைக் குறிக்க வேண்டிய இடம் வந்தால், நம் மொழியிலேயே அருமையான கருவி இருக்கிறது. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்ச்சி), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்வது பலருக்கும் தெரியும். ஆனால் அதோடு நிற்காமல் ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகப் பிரித்திருக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதை ஒரு முறை பயன்படுத்திப் பாருங்கள். நடிகை அழுதாள் என்று எழுதாமல், அது அவமானப்பட்டதால் வந்த அழுகையா, இழந்ததால் வந்ததா, தளர்ந்துபோனதால் வந்ததா, இல்லாமையால் வந்ததா என்று எழுதிப் பாருங்கள். இரண்டு நடிகைகள் அழுத இரண்டு காட்சிகள் திடீரென்று வேறு வேறாகிவிடும். அவமானத்தில் அழுகிறவர் முகத்தை மறைப்பார். இழப்பில் அழுகிறவருக்கு முகம் என்ற நினைப்பே இருக்காது.

5. ஒரே பாத்திரம், இரண்டு உடல்கள்

என்னைப் பொறுத்தவரை நடிப்பைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. வசனம் ஒன்று, உடை ஒன்று, மேடை ஒன்று. ஆள் மட்டும் மாறினால், மிஞ்சுகிற வித்தியாசம் முழுக்க நடிப்புதான்.

1935இல் லண்டனில் 'ரோமியோ ஜூலியட்' போட்டபோது ஜான் கில்குட்டும் லாரன்ஸ் ஒலிவியரும் ரோமியோவையும் அவன் நண்பன் மெர்க்யூஷியோவையும் மாற்றி மாற்றி நடித்தார்கள். அதை இனி நாம் பார்க்க முடியாது. ஆனால் 2011இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் டேனி பாயில் இயக்கிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாடகத்தின் இரண்டு வடிவங்களும் பதிவாகியிருக்கின்றன. பெனடிக்ட் கம்பர்பேட்ச் ஒரு நாள் விஞ்ஞானியாகவும் ஜானி லீ மில்லர் அந்த விஞ்ஞானி உருவாக்கிய படைப்புயிராகவும் வருவார்கள், இன்னொரு நாள் இடம் மாறிக்கொள்வார்கள். அந்த வேடங்களுக்காக, லண்டன் நாடகங்களுக்குத் தரப்படும் ஒலிவியர் விருதை 2012இல் இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

இரண்டு பதிவுகளும் கிடைத்தால் முதல் பத்து நிமிடங்களை மட்டும் அடுத்தடுத்துப் பாருங்கள். படைப்புயிர் பிறந்து, வெற்றுடம்போடு தரையில் புரண்டு, எழுந்து நிற்கக் கற்றுக்கொள்கிறது. பேச்சு கிடையாது. பக்கவாதத்தில் விழுந்தவர்கள் மீண்டும் உடலைப் பழக்குவதை கம்பர்பேட்ச் கவனித்திருந்தார். மில்லருக்கு வழிகாட்டியது அவருடைய சிறு குழந்தை. இது தெரியாமலே பார்த்தாலும் வித்தியாசம் கண்ணில் படும். ஒருவரிடம், உடைந்த உறுப்புகளுக்கு உத்தரவு போட்டு அவை கேட்காததன் வலி இருக்கிறது. மற்றவரிடம், கால் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்த ஆச்சரியம். இரண்டும் சரி. எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். புதிய ரசிகருக்கு அதுதான் கஷ்டம்.

ஃப்ளோரியன் செல்லேர் எழுதிய 'தி ஃபாதர்' இன்னொரு நல்ல உதாரணம். நினைவு தவறிக்கொண்டிருக்கும் அந்தக் கிழவரின் வேடத்துக்காக 2016இல் லண்டனில் கென்னத் கிரானமுக்கு ஒலிவியர் விருதும், அதே ஆண்டு நியூயார்க்கில் ஃபிராங்க் லாஞ்செல்லாவுக்கு, அங்குள்ள பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதும் கிடைத்தன. 2021இல் திரைவடிவத்துக்காக ஆன்டனி ஹாப்கின்ஸ் 83 வயதில் ஆஸ்கர் வாங்கினார். ஒரு பாத்திரத்துக்குள் எத்தனை மனிதர்களுக்கு இடம் இருக்கிறது பாருங்கள்.

6. மேடையையும் திரையையும் ஒரே அளவுகோலால் அளக்காதீர்கள்

மேடை நடிப்பு மிகை, திரை நடிப்பு இயல்பு என்று சொல்லிவிடுவது சுலபம். அது உண்மை இல்லை. மேடையில் கடைசி வரிசை வரைக்கும் எண்ணம் போய்ச் சேர வேண்டும், அதனால் முழு உடலும் பேசுகிறது. திரையில் கேமராவே அருகில் வந்துவிடுவதால் இமை அசைந்தால் போதும். மேடையில் தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு மணி நேரம் நடிகர் தானே கதையைச் சுமக்கிறார், தப்பினால் திரும்ப எடுக்க முடியாது. திரையில் கடைசிக் காட்சியை முதல் நாளிலேயே படமாக்குவார்கள். இன்னும் சந்திக்காத மனைவியின் சாவுக்குக் காலை ஏழு மணிக்கு அழ வேண்டியிருக்கும். இரண்டும் இரண்டு விதமான கஷ்டம்.

திரையைப் பொறுத்தவரை இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சோவியத் இயக்குநர் குலெஷோவ் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சோதனை செய்தார். இவான் மோஸ்ஜூகின் என்ற நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை எடுத்து, அதே ஷாட்டை ஒரு முறை சூப்புக் கிண்ணத்தோடும், ஒரு முறை சவப்பெட்டியில் கிடக்கும் சிறுமியோடும், ஒரு முறை அழகிய பெண்ணோடும் ஒட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். அதனால் ஒரு பார்வை உங்களை உலுக்கினால், அதில் எவ்வளவு நடிகருடையது, எவ்வளவு எடிட்டருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டே இல்லாமல் நீளும் ஷாட்களைத் தேடிப் பார்ப்பது இதற்கு நல்ல வழி.

மேடையிலிருந்து திரைக்கு ஒரு பாத்திரத்தைத் தூக்கி வந்தவர்களில் நான் மிக நேசிப்பது வயோலா டேவிஸை. ஆகஸ்ட் வில்சனின் 'ஃபென்சஸ்' நாடகத்தில் ரோஸ் என்ற மனைவியாக நடித்து 2010இல் டோனி விருது வாங்கினார். அதே ரோஸாக 2016இல் வந்த படத்தில் நடித்து, 2017இல் ஆஸ்கர் வாங்கினார். கணவனின் துரோகத்தைக் கேட்டுவிட்டு, பதினெட்டு வருடமாகத் தானும் அதே இடத்தில்தானே நின்றுகொண்டிருந்தேன் என்று அவள் திருப்பிக் கேட்கும் காட்சி இருக்கிறது. மூக்கு ஒழுகுகிறது. துடைப்பதில்லை. துடைத்துக்கொள்வதற்குக்கூட அந்தப் பெண்ணுக்குத் தன் நினைப்பு இல்லை. மேலே சொன்ன இழவின் அழுகை இதுதான்.

7. அரங்குக்குப் போகும்போது

முதன்முதலில் நாடகம் பார்க்கப் போனபோது முதல் வரிசைதான் சிறந்தது என்று நினைத்து அடித்துப் பிடித்து அங்கே உட்கார்ந்தேன். பேசுகிறவரின் முகம் தெரிந்தது, மேடையின் மறுகோடியில் கேட்டுக்கொண்டிருந்தவர் பார்வைக்கே வரவில்லை. ஐந்தாவது வரிசையிலிருந்து பத்தாவது வரிசைக்குள், நடுவில் உட்காருங்கள். மேடை முழுதும் ஒரே பார்வையில் அடங்கும், முகமும் தெரியும்.

பழைய நாடகம் என்றால் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள். செய்யுள் நடைக்குக் காது பழக முதல் பத்து நிமிடம் ஆகும், அதற்குள் புரியவில்லையே என்று மனம் தளர வேண்டாம். புது நாடகம் என்றால் எதையும் படிக்காதீர்கள். கூட்டமான காட்சிகளில் யாரையாவது ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவரையே பாருங்கள். உங்கள் கண்ணுக்காக ஷாட்டைத் தேர்ந்தெடுக்க அங்கே யாரும் இல்லை. திரையில் கிடைக்காத சுதந்திரம் இது. முடிந்தால் அதே நாடகத்துக்கு முதல் வாரம் ஒரு முறை, கடைசி வாரம் ஒரு முறை போங்கள். தொடக்கத்தில் தனித்தனியாக நின்றவர்கள் கடைசியில் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்து நடிப்பதைப் பார்க்கலாம்.

நேரில் போக வாய்ப்பில்லாதவர்களுக்குப் பதிவுகள் இருக்கின்றன. நேஷனல் தியேட்டர் 2009இலிருந்து தன் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்புகிறது, 2020 டிசம்பரிலிருந்து வீட்டிலிருந்தே பார்க்கும் இணையச் சேவையும் நடத்துகிறது. பழையவற்றில், 1979இல் தொலைக்காட்சியில் வந்த ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' ஒன்று போதும். சின்ன அரங்குக்காக ட்ரெவர் நன் இயக்கியது. இயன் மெக்கெல்லனும் ஜூடி டெஞ்சும் நடித்தது. மேக்பெத்தின் மனைவி தூக்கத்தில் நடக்கும் காட்சியில் டெஞ்ச் மெல்லிய குரலில் தொடங்கி, மூச்சு தீர்ந்த பிறகும் தீராததுபோல இழுக்கும் ஒரு ஓலம் இருக்கிறது. ராத்திரி தனியாகப் பார்க்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

8. விருதுகளை வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள்

ஆஸ்கர் 1929இலிருந்து இருக்கிறது, டோனி 1947இலிருந்து, ஒலிவியர் 1976இலிருந்து. வென்றவர் பட்டியலைவிடப் பரிந்துரைக்கப்பட்டவர் பட்டியல்தான் நமக்குப் பயன். எட்டு முறை பரிந்துரைக்கப்பட்ட பீட்டர் ஓ'டூல் போட்டியில் ஒரு முறைகூட வெல்லவில்லை, 2003இல் கௌரவ ஆஸ்கர்தான் கிடைத்தது. வென்றவர்களை மட்டும் தேடிப் போனால் அந்த எட்டும் கைநழுவிவிடும்.

துணை நடிகர், துணை நடிகை பட்டியலில் தொடங்குங்கள் என்பது என் தனிப்பட்ட யோசனை. அங்கேதான் கொஞ்ச நேரத்தில் நிறையச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1999இல் 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்தின் எலிசபெத் ராணி வேடத்துக்காக ஜூடி டெஞ்ச் ஆஸ்கர் வாங்கியபோது திரையில் அவர் வந்தது பத்து நிமிடத்துக்கும் குறைவு. அது முழுவதையும் ஒரே உட்காரலில் ஆராய்ந்துவிடலாம்.

உடம்பை ஏற்றி இறக்கியது, முகத்துக்குப் பூச்சுப் போட்டது, மாதக்கணக்கில் பாத்திரமாகவே வாழ்ந்தது என்ற செய்திகளைப் படத்துக்கு முன்னால் படிக்காதீர்கள். உழைப்பு மதிக்க வேண்டியதுதான். ஆனால் அது காட்சிக்குள் வந்து சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி, அதற்கு உங்கள் கண்தான் சாட்சி.

9. ஆறு மாதம் கழித்து

நோட்டுப் புத்தகம் பாதி நிறைந்ததும், முதன்முதலில் எடுத்த அதே காட்சிக்குத் திரும்பிப் போங்கள். பழைய குறிப்புகளைப் படிக்காமல் பார்த்துவிட்டு, அப்புறம் ஒப்பிடுங்கள்.

நான் அந்தத் துணி மடிக்கும் காட்சியை மறுபடி போட்டேன். இந்த முறை என் கண் அவள் கையில் இல்லை, பேசிக்கொண்டிருந்த கணவன் மேல் இருந்தது. அந்தப் பெயரைச் சொன்ன பிறகு அவன் குரல் லேசாக இறங்குவதை முன்பே கேட்டிருந்தேன், வெறும் தயக்கம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பேச்சை நிறுத்தாமலேயே அவன் கீழே ஒரு முறை பார்க்கிறான். அவள் கை நின்றதை அவனும் பார்த்துவிட்டான்.